எடை நேரம்

ஐஸ் உடைக்கும் மிஷின் ஓடும்போது அந்தக் கொட்டகையில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டும் பயனில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டை விரலை வாய்க்கு நேரே காட்டுவார்கள். சூப்பர்வைசர் வருகிறான் என்றால் ஒரு கண்ணை மூடித் திறப்பார்கள். ஐஸ் தீர்ந்துவிட்டால் அலுமினியப் பேசினைச் சாய்த்துக் காட்டுவார்கள். தேங்காய்த்திட்டு எறா கம்பெனியில் தனக்கொடி இறால் தோல் உரிக்கிற வேலைக்குச் சேர்ந்தபோது மகள் தாமரைச்செல்வி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது மகளும் தாயோடு வருகிறாள். வீட்டிலும் இருவரும் பாதி விஷயத்தைக் கையாலேயே பேசிக்கொள்வார்கள்.

மிஷின் நிற்பது எடைக்கு மட்டும்தான். எடை போடுகிறவன் பெயரையும் எடையையும் கத்திச் சொல்ல வேண்டும், அதற்காக நிறுத்துவார்கள். உரித்த எறா நேரம் ஆக ஆகத் தண்ணீர் விடும். எடை இறங்கும், கூலியும் இறங்கும். அதனால் எடை வரிசையில் பேசினை வைத்துவிட்டு யாரும் எழுந்து போவதில்லை. ஒண்ணுக்கு முட்டினாலும் போவதில்லை. எழுந்தால் பேசின் கடைசிக்குப் போய்விடும்.

தாமரைக்கு அது நடந்தது எடை நேரத்தில்தான்.

எடை முடிந்த பெட்டிகளைக் கூலிங் ரூமில் அடுக்கச் சொல்லி சூப்பர்வைசர் அரிகிருஷ்ணன் அவளை அனுப்பினான். பின்னால் அவனும் போனான். சாண் தடிமன் கதவு. இழுத்தால் பொத்தென்று ஒட்டிக்கொள்ளும். தனக்கொடியின் இடம் அந்தக் கதவை ஒட்டித்தான். அந்த நேரத்தில் பக்கத்து மனையில் குந்தி உரிக்கிற அமிர்தவல்லி, எடை போடுகிறவன் மீசைக்கு மை பூசிக்கொண்டு வந்திருந்ததைப் பற்றி ஏதோ சொன்னாள். தனக்கொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அது நன்றாக நினைவிருந்தது அவளுக்கு. வேறொன்றும் கேட்கவில்லை.

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. தாமரை வந்து உட்கார்ந்தாள். பேசினை இழுத்து எறா உரித்தாள். சாயங்காலம் வரைக்கும் உரித்தாள். உரித்ததில் குடல் நரம்பு அப்படியே கறுப்பாக நின்றது. தனக்கொடி கத்தியின் முதுகால் அவள் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினாள். பார்த்து உரி என்று கண்ணால் சொன்னாள். தாமரை தலையாட்டினாள்.

அந்த வாரக் கடைசியில் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது தாயின் கை கழுத்தில் பட்டது. ஐஸில் ஊறிய கை; வெயில் காலத்திலும் சில்லென்றிருக்கும். தாமரை எழுந்துபோய் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு வந்து, சுவரைப் பார்த்தபடி நடந்ததைச் சொன்னாள்.

*

கம்பெனியில் விசாரணைக்குப் போகிற அன்று காலையில் தூறிக்கொண்டிருந்தது. முதலியார்பேட்டைச் சந்தில் சாக்கடை ஏறி வாசல்படியைத் தொட்டிருந்தது. தனக்கொடியின் புருஷன் ஜானகிராமன் வாட்ச்மேன் சட்டையைக் கழற்றாமல் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். வேலை பார்த்த மில் மூடிய பிறகு அவனுக்கு ஓட்டல் வாசலில் நிற்கிற வேலை. தட்டில் பழைய சோறும் சுட்ட நெத்திலிக் கருவாடும் இருந்தன. கை வைக்கவில்லை.

"கத்தினாளா இல்லியா? அத ஒண்டி சொல்லு."

"எங்கிட்ட ஏன் கேக்குற?"

"பின்ன யாரக் கேக்கறது? பெத்தவ நீ. அதுவும் கதவோரமா குந்திகினு இருந்தவ."

"மெல்ல பேசு. உள்ள இருக்குது."

"இருக்கட்டும். டீக்கடயில நாக்க புடுங்கற மாதிரி கேக்குறானுவ. நாய் மேல கல்லு பட்டாக்கூட கத்துதே, ஒம்பொண்ணு ஏன் கத்தலன்றான். நான் என்னா சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்லாத. டீய குடிச்சிட்டு வா."

"கத்தலன்னா என்னாடி அர்த்தம்?"

சேலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் நின்றுபோயிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தாமரை வெளியே வந்தாள். துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்தியிருந்தாள். அப்பனைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"தின்னுட்டு போடி," என்றான் ஜானகிராமன்.

"வேணாம்."

கொட்டகையில் பாதிப் பேர்தான் இருந்தார்கள். புயல் எச்சரிக்கை, போட் எதுவும் கடலுக்குப் போகவில்லை. முந்தின நாள் சரக்கை உரித்துக்கொண்டிருந்தார்கள். தாயும் மகளும் நுழைந்ததும் கைகள் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடின.

இந்த விசாரணை கம்பெனி தானாக வைத்ததல்ல. சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரன் வைக்கச் சொன்னான் என்று பேச்சு. கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஆளாக இருக்க வேண்டும் என்று டவுனிலிருந்து ஒரு அம்மாவைக் கூட்டிவந்திருந்தார்கள். பெயர் நிர்மலா. சட்டம் சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவர். அந்தம்மா எழுதிக் கொடுக்கிறதைப் பார்த்துத்தான் அரிகிருஷ்ணனை என்ன செய்வது என்று முடிவு செய்வோம், போலீசு கீலீசெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று மேனேஜர் தனக்கொடியிடம் சொல்லியிருந்தார். சொன்னதோடு விடவில்லை. "ஒருத்தராவது சத்தம் கேட்டிருக்கணும்லம்மா? இத்தினி பொம்பளைங்க இருக்கற எடம்" என்றும் சொல்லியிருந்தார்.

நிர்மலா மாடியிலிருந்து தானே இறங்கி வந்தார். பருத்திப் புடவை, ஆண்கள் கட்டுகிற மாதிரிப் பெரிய கடிகாரம். தாமரையை ஏற இறங்கப் பார்க்கவில்லை. முகத்தை மட்டும் பார்த்தார்.

"தாமரைச்செல்வி, நான் கம்பெனி ஆளும் இல்ல, போலீசும் இல்ல. யார் பக்கமும் இல்ல. நீ சொல்றத சொல்ற மாதிரியே எழுதிக்குவேன். எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம். தண்ணி வச்சிருக்கேன். கதவ சாத்தணுமா, தெறந்திருக்கணுமா? நீயே சொல்லு."

தாமரை யோசித்தாள். "தெறந்தே இருக்கட்டும்."

"சரி. ஒண்ணே ஒண்ணு. யார் என்ன சொன்னாலும் கடைசில ரெண்டு பக்கத்துக்கும் படிச்சுக் காட்டுவேன். அவருக்குத் தெரியாம ஒண்ணு எழுத மாட்டேன், உனக்குத் தெரியாமலும் எழுத மாட்டேன். அதுதான் நியாயம். அப்ப அவரும் ரூம்ல இருப்பார். நீ சன்னலோரம் உக்காரலாம். முடியுமா?"

"ம்."

சாட்சி சொல்ல வேண்டியவள் காதில் எதுவும் விழக்கூடாது என்று தனக்கொடியை மாடிப்படிக்குக் கீழே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அமிர்தவல்லி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"இந்தாடி, குடி. மூஞ்சி வெளுத்துப் போயி கெடக்குது."

"எறங்கல அமிர்தம்."

"எறங்கலன்னா ஊத்திக்க. அந்தம்மா என்னா கேக்கும் தெரியுமா? கத்தினியான்னுதான் மொதல்ல கேக்கும். எங்க நாத்தனா பொண்ணுக்குக் காலாப்பட்டுல இப்பிடித்தான் ஆச்சி. கத்தலன்னு சொல்லிச்சி பாரு, அதோட முடிஞ்சிது. நீயும் ஒத்துகினுதான இருந்தன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டானுவ."

"தாமரை என்னா சொல்லுமோ."

"ஒம்பொண்ணு மண்ணு மாதிரி. கேட்டா தெரியலன்னு சொல்லும். நீ பாத்து சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், என்ன கூப்ட்டாகூட ஒண்ணும் தெரியாதுன்னுடுவேன். எனக்குப் பொழப்பு ஓடணும்."

"உன்ன யாரு கூப்ட்டா."

"அதான் சொல்றேன். கூப்புடாம பாத்துக்க."

டீ ஆறி ஆடை கட்டியது. மேலே பேச்சுச் சத்தம் கேட்பதும் நிற்பதுமாக இருந்தது. நின்ற நேரம்தான் அதிகம். ஒரு தடவை அந்தம்மா எழுந்து சன்னலைத் திறந்தது தெரிந்தது. தாமரை இறங்கி வந்தபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"என்னாடி கேட்டாங்க?"

"கேக்கல. நீயா சொல்லுன்னாங்க. சொன்னேன்."

"கத்தினத சொன்னியா?"

தாமரை படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"கத்தினேனா இல்லியான்னு நெனப்பில்லன்னு சொன்னேன்."

"அடிப்பாவி."

"நெனப்பில்லம்மா. கதவு சாத்துனது தெரியிது. அவன் கையில மீன் நாத்தம் இல்ல, சோப்பு வாசன அடிச்சிது, அது தெரியிது. அப்புறம் நான் எறா உரிச்சினு இருக்கேன். நடுவுல ஒண்ணுமே இல்ல."

"நடுவுல இல்லன்னா இட்டுக் கட்டி சொல்றதுதான? வாயில என்னா வச்சினு இருக்க?"

"இல்லாதத எப்பிடி சொல்றது?"

தனக்கொடிக்கு அவளை அறையலாம் போல இருந்தது. அதற்குள் மேலேயிருந்து கூப்பிட்டார்கள். படியேறும்போது அவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. ஒருத்தி கத்தியாக வேண்டும். ஒருத்தி கேட்டாக வேண்டும்.

*

நிர்மலா நாற்காலி காட்டினார். பெயர், வேலைக்குச் சேர்ந்த விவரம், உட்காரும் இடம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். பொண்ணு பெட்டி தூக்கிக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்தேன் என்றாள் தனக்கொடி. அவன் போனதைப் பார்க்கவில்லை என்றாள்.

"பாக்கலன்னா பாக்கலன்னே சொல்லுங்க. தெரியாதத தெரியாதுன்னு சொல்றதுல ஒரு தப்பும் இல்ல."

"சரிம்மா."

"அன்னைக்கு திரும்பி வந்து அவ என்ன செஞ்சா?"

"எறா உரிச்சிது. நரம்பு எடுக்காம உரிச்சிது. அடிச்சேன்."

நிர்மலா நிமிர்ந்து பார்த்தார். எழுதினார். பிறகு பேனாவை மூடினார். "அவ்வளவுதான். நீங்க போகலாம்."

தனக்கொடி எழுந்திருக்கவில்லை.

"நீங்க அத்த கேக்கலியே."

"எத?"

"சத்தம்."

"நீங்களா எதாவது சொல்லணும்னா சொல்லுங்க."

"கேட்டுச்சிம்மா."

பேனா மறுபடி திறந்தது.

"என்ன கேட்டுச்சு?"

"எம்பொண்ணு கத்துச்சி. எடைக்கு மிஷின் நிப்பாட்டி இருந்திச்சா, அப்ப கேட்டுச்சி. அம்மான்னு கத்துச்சி. ரெண்டு வாட்டி."

"மத்தவங்களுக்குக் கேட்டிருக்குமா?"

"கேக்காது. கதவு தடிமன். ஒட்டிகினு குந்தி இருக்கறவளுக்குத்தான் கேக்கும். அவங்கல்லாம் எடையில கண்ணா இருந்தாங்க."

நிர்மலா எழுதி முடித்தார். அடுத்த கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது என்பது போலத் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீங்க எழுந்து போனீங்களா?"

தனக்கொடி இதை யோசித்து வரவில்லை. படியேறிய நேரத்தில் அவள் யோசித்ததெல்லாம் கத்துகிற வரைக்கும்தான். போனேன், கதவைத் தட்டினேன் என்று சொல்லலாம். சொன்னால் கொட்டகையில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் கேட்பார்கள். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"போகல."

"ஏன்?"

"எடை."

"புரியல."

"என் பேசின் வந்துனு இருந்திச்சி. எழுந்தா வரிச போயிடும்."

கீழே மிஷின் ஓட ஆரம்பித்தது. மேசை மேல் இருந்த தம்ளர் அதிர்ந்தது. அது நிற்கட்டும் என்று நிர்மலா காத்திருந்தார். நிற்காததால், தனக்கொடி சொன்னதை அப்படியே எழுதினார். கையெழுத்துக்குப் பதில் விரல் வைக்கச் சொன்னார். கட்டை விரலில் ரேகை இல்லை, ஐஸ் தின்றிருந்தது. மறுபடி மையில் தோய்த்து அழுத்தினாள். நீலமாக ஒரு வட்டம் மட்டும் விழுந்தது.

*

படித்துக் காட்டும்போது தாமரை சன்னலோரம் இருந்தாள். மேனேஜருக்கு அந்தப் பக்கம் அரிகிருஷ்ணன். சட்டை மடிப்புக் கலையாமல், கோயிலில் உட்கார்ந்திருக்கிறவன் மாதிரி முழங்காலைச் சேர்த்து வைத்திருந்தான். நிர்மலா ஏற்ற இறக்கமில்லாமல் படித்தார். தாமரை சொன்னது. அரிகிருஷ்ணன் சொன்னது. அப்புறம் தனக்கொடி சொன்னது.

"அம்மா என்று இரண்டு முறை கத்தியது கேட்டது. எழுந்து போகவில்லை. எடை வரிசை போய்விடும் என்பதால்."

தாமரை திரும்பித் தாயைப் பார்த்தாள். தொலைத்த சாமான் கிடைத்தாற்போல முதலில் பார்த்தாள். அப்புறம் அது இத்தனை நாள் யார் கையில் இருந்தது என்று தெரிந்தாற்போலப் பார்த்தாள்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு," என்றான் அரிகிருஷ்ணன். "பெத்த தாயே எழுந்து வரலன்னா அது என்னா மாதிரி சத்தம்னு நீங்களே யோசிங்க."

"உங்க முறை முடிஞ்சுடுச்சு. பேசாதீங்க."

அதற்கு மேல் அவனுக்குப் பேச வேண்டியதும் இல்லை.

எல்லாரும் இறங்கிய பிறகு நிர்மலா படியில் தனக்கொடியை நிறுத்தினார். மழைச்சாரல் இரண்டு பேர் மேலும் அடித்தது.

"அவன வேலைய விட்டு எடுக்கணும்னு எழுதறேன். போலீசுக்கும் போகணும். நான் கூட வரேன்."

தனக்கொடி கும்பிட்டாள். "சத்தம் கேட்டுச்சின்னு சொன்னதாலதானம்மா?"

"இல்ல. உங்க பொண்ணு பேசினப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. பயத்துல நெறைய பேருக்குக் குரல் வராது. நெனப்பும் துண்டு துண்டாத்தான் நிக்கும். திரும்பி வந்து எறா உரிச்சான்னு நீங்க சொன்னீங்க பாருங்க, அது கூட அப்படித்தான். கத்தினாளா இல்லையாங்கறதுல ஒண்ணுமே இல்ல. அதனாலதான் நான் கேக்கவே இல்ல."

தனக்கொடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் முன்னால் மகள் பிடித்திருந்த அதே இடம்.

"அப்ப அத்த அடிச்சிடுங்கம்மா."

"எத?"

"கேட்டுச்சின்னு நான் சொன்னத. எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா. நான் சிரிச்சினு இருந்தேன்."

நிர்மலா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்து முடித்தும் மாட்டிக்கொள்ளவில்லை.

"அவன் காதுல விழுந்துடுச்சு தனக்கொடியம்மா. இப்ப ஒரு வரிய அடிச்சா, தாய் பொய்யின்னா பொண்ணும் பொய்தான்னு சொல்வான். எல்லாம் போயிடும்."

"அப்ப?"

"போலீசுல கேட்டாலும் இதேதான் நீங்க சொல்லணும். கோர்ட்டுல கேட்டாலும் இதேதான்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீங்க இப்ப சொன்னது எனக்குக் கேக்கல."

*

வீட்டுக்கு வந்ததும் தாமரை சோறு போட்டுக்கொண்டாள். குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். அந்த வாரத்தில் அவள் தானாகத் தட்டில் கை வைத்தது அதுதான் முதல். தனக்கொடி எதிரில் குந்தினாள். மகளிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"தாமர."

"நான் கத்தினேன் இல்ல?"

"ஏண்டி—"

"தெனம் அதத்தான் நெனச்சினு கெடந்தேன். மரம் மாதிரி நின்னுட்டேனோ, அப்பா கேக்குற மாதிரி நானே சும்மா இருந்துட்டேனோன்னு. தூக்கமே இல்ல. நான் கத்தியிருக்கேன்." சோற்றை விழுங்கினாள். "அம்மான்னா கத்தினேன்?"

தனக்கொடி வாயைத் திறந்தாள். மகளின் கை தட்டில் நின்றுகொண்டிருந்தது. விரலெல்லாம் குழம்பு.

"ம்."

"ரெண்டு வாட்டியா?"

"ரெண்டு வாட்டி."

"நல்லா கேட்டுச்சா?"

"நல்லா கேட்டுச்சி."

தாமரை தலையாட்டினாள். மீதியையும் சாப்பிட்டாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். எப்போதும் தாய்க்கு ஒரு தட்டு எடுத்து வைப்பாள், வைக்கவில்லை.

ஜானகிராமன் விஷயம் தெரிந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டான். "அப்பிடி சொல்லு! எம்பொண்ணு கத்தியிருக்குது. இப்ப கேக்கட்டும் பாக்கலாம் எவனாவது," என்று டீக்கடைக்குக் கிளம்பினான். வாசலில் நின்று திரும்பி மனைவியைப் பார்த்தான். "நீயெல்லாம் ஒரு பொம்பளயாடி? ஒரு பேசின் எறாவுக்கு."

மறுநாள் கொட்டகையில் அரிகிருஷ்ணன் இல்லை. கூலிங் ரூம் கதவைத் திறந்து போட்டிருந்தார்கள். தனக்கொடி தன் இடத்தில் போய்க் குந்தினாள். பக்கத்தில் அமிர்தவல்லியின் பேசின் இல்லை. அவள் எதிர் வரிசைக்கு மாறியிருந்தாள். தண்ணீர் வேண்டுமென்று தனக்கொடி கட்டை விரலை வாய்க்கு நேரே காட்டினாள். யாரும் பார்க்கவில்லை. எடைக்கு மிஷின் நின்றபோது அமிர்தவல்லி பேசினோடு அருகில் வந்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பொண்ணு கத்துனத கேட்டுகினேவா சிரிச்ச? நான் மீசய சொன்னதுக்கு சிரிக்கறன்னு இல்ல நெனச்சேன்."

தனக்கொடியின் பெயரைச் சொன்னார்கள். அவள் பேசினைத் தூக்கிக்கொண்டு தராசுக்குப் போனாள்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. தாமரை குளிக்கப் போனாள். வீட்டுக்குப் பின்னால், சாக்கடையை ஒட்டி, தகரம் அடித்த மறைப்பு. தகரக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது. எதிர் வீட்டு டிவியில் சீரியல் பாட்டு. குழாயிலிருந்து தண்ணீர் வாளியில் கொட்டிக்கொண்டிருந்தது. தனக்கொடி அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"அம்மா."

கத்தவில்லை. பேசுகிற குரல்தான். அதைவிடவும் தாழ்வு.

தனக்கொடி கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். வாசல்படியில் கால் இடறி முழங்கால் சிராய்த்தது. எழுந்து ஓடித் தகரக் கதவை இரண்டு கையாலும் தட்டினாள்.

"என்னாடி? என்னாடி தாமர? என்னா ஆச்சி?"

உள்ளே தண்ணீர் கொட்டுவது நின்றது.

"ஒண்ணுமில்ல. கேக்குதான்னு பாத்தேன்."